பிளக்கைப் பிடுங்கினாலும் பிழைக்கும் கோப்பு: கமடோர் 64-இல் ஒரு 'சேவ்' கட்டளைக்காக நாலு மாதம்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, சேவ் ஆகும்போதே டிரைவின் கரண்டை வெட்டிப் பார்க்க நான் மாட்டிய ரிலே (நிரல் சொன்னால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) 'டக்' என்று விழுந்தது. டிரைவின் பச்சை விளக்கு அணைந்தது. திரும்பப் போட்டு டைரக்டரியை, அதாவது ஃபிளாப்பியில் உள்ள கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். கோப்பு இருந்தது, முழுசாக. அறுபதாவது தடவை. அதற்கு முன்னால் மூன்று முறை எழுதினதெல்லாம் போய், ஒரு ஃபிளாப்பியே குப்பையாகி, வீட்டில் பேச்சு வாங்கி வந்து சேர்ந்த இடம் இது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

பெட்டி வந்த கதை சின்னது. மச்சான் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர், அதோடு அதன் 1541 ஃபிளாப்பி டிரைவ், முப்பது ஃபிளாப்பி, எல்லாம் சேர்த்து 140 யூரோவுக்கு வாங்கி வந்தான். டிரைவுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் நல்ல கனம். "மாமா, இதுக்குப் பதிலா அந்த எடைக்கு சாக்லேட் கொண்டுவந்திருந்தா அக்காவாவது சந்தோஷப்பட்டிருப்பா" என்றான். உண்மைதான்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நெட் இல்லாத, நோட்டிஃபிகேஷன் இல்லாத ஒரு திரையில் தினமும் ஆறேழு வரி நாட்குறிப்பு எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் தமிழ்தான். 1982-இல் வந்த மெஷின், 40 எழுத்து அகலம், 25 வரி உயரம். போட்டவுடன் பேசிக் மொழி நிரலுக்கு 38911 பைட் காலியாக இருக்கிறது என்று சொல்லும். ஆறு வரி நாட்குறிப்புக்கு இது தாராளம்.

முதலில் கரண்ட்

பழைய கமடோர் அடாப்டரை அப்படியே செருகாதீர்கள். உள்ளே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டுப்போகும்போது வோல்டேஜ் குறையாது, ஏறும். ஏறினால் முதலில் சாவது ராம் சிப்புகள். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து சரிசெய்யவும் முடியாது. என்னுடையது மல்டிமீட்டரில் 5.08 காட்டியது, நல்ல அளவுதான். ஆனாலும் நம்பவில்லை. ரிச்சி தெருவில் 5 வோல்ட் 3 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை 450 ரூபாய், 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 380, ஏழு முள் டின் பிளக் 60. இந்த மெஷினுக்கு 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி இரண்டும் வேண்டும். பழைய ஸ்டெபிலைசர் டப்பாவுக்குள் இரண்டையும் அடக்கி ஆளுக்கொரு ஃபியூஸ் போட்டேன். ஒரு சாயங்கால வேலை.

டிரைவுக்கு அதிகம் செய்யவில்லை. மேல்மூடியைக் கழற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, ஃபிளாப்பியைப் படித்து எழுதும் ஹெட்டைத் துடைத்தேன். முதல் குச்சி காப்பிப் பொடி நிறத்தில் வந்தது, நாலாவது வெள்ளையாக வந்தது. ஹெட் நகரும் இரண்டு கம்பிகளிலும் காய்ந்த கிரீஸைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினேன். வேகம் நிமிஷத்துக்கு 300 சுற்று இருக்க வேண்டும். அடியில் சக்கரத்தில் கோடுகள் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அவை நின்றதுபோலத் தெரிந்தால் வேகம் சரி. அரை மணி நேரம் பார்த்தும் கோடு நிற்கவேயில்லை. திருகைத் திருகத் திருக இன்னும் மோசம். பிறகுதான் உறைத்தது, அறையில் இருப்பது எல்இடி விளக்கு, பழைய டியூப்லைட்டைப் போலக் கரண்டோடு சேர்ந்து துடிக்காதது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த, சோக் வைத்த பழைய டியூப்லைட்டை எடுத்து வந்து மாட்டினேன். ஒரே நிமிஷத்தில் கோடு நின்றது.

முப்பது ஃபிளாப்பியில் பத்தொன்பதுதான் ஒழுங்காக ஃபார்மேட் ஆனது. ஃபார்மேட் ஆரம்பிக்கும்போது ஹெட் சுவரில் முட்டி 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்து 664 பிளாக் காலி என்று காட்டும். ஒரு பிளாக் என்பது 256 பைட். அதில் முதல் இரண்டு பைட், அடுத்த பிளாக் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி. மிச்சம் 254 நமக்கு. இந்த இரண்டு பைட்தான் பின்னால் என்னைப் படுத்தியது.

முதல் இழப்பு: @

எடிட்டரை நானே பேசிக்கில் எழுதினேன், ஏறத்தாழ 140 வரி. எழுதியதைச் சேமிக்க வேண்டிய இடத்தில் ஒரு சிக்கல். ஏற்கெனவே இருக்கும் பெயரில் எழுதப் போனால் 1541 மறுக்கும், '63, ஃபைல் எக்சிஸ்ட்ஸ்' என்று சொல்லும். அதற்கு ஒரு குறுக்குவழி கையேட்டிலேயே இருக்கிறது: பெயருக்கு முன்னால் @ போட்டால் பழசை நீக்கிப் புதுசை எழுதிவிடும். போட்டேன். இருபத்திரண்டு நாள் ஒழுங்காக ஓடியது.

இருபத்துமூன்றாம் நாள் கோப்பைத் திறந்தால், முதல் அரைப் பக்கம் என் நாட்குறிப்பு. அதற்குப் பிறகு வேறு ஒரு கோப்பின் வயிறு. பக்கத்துத் தெரு கல்யாண மொய்க் கணக்கை அதே ஃபிளாப்பியில் வைத்திருந்தேன், அது வந்து நடுவில் உட்கார்ந்திருந்தது.

இது நான் கண்டுபிடித்த கோளாறு இல்லை. 1980-களின் நடுவில் கமடோர் பத்திரிகைகளில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. அப்படி ஒரு பிழையே இல்லை என்று சாதித்தவர்களும் உண்டு. பிழை இருக்கிறது என்று கடைசியில் ரோமை, அதாவது டிரைவுக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் மென்பொருளை, அக்கக்காகப் பிரித்துக் காட்டினார்கள். 1541 வெறும் டிரைவ் இல்லை, அதுவே ஒரு கம்ப்யூட்டர். உள்ளே தனியாக ஒரு 6502 பிராசஸர், 16 கிலோபைட் ரோம், 2 கிலோபைட் ராம். அந்த 2 கிலோபைட்டில் டிஸ்க் வேலைக்குக் கிடைப்பது 256 பைட் அளவில் ஐந்தே தட்டு. எந்த பிளாக் காலி என்ற வரைபடத்துக்கு அதில் ஒன்று போய்விடும். மிச்சம் நாலு. தட்டு போதாதபோது ஒருவர் தட்டைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் வேலை ஒன்று உள்ளே நடக்கிறது. @ போட்டு எழுதும்போது அந்தப் பிடுங்கல் தப்பாகப் போகிறது. இந்த ரோம் இரட்டை டிரைவ்களுக்கு எழுதிய மென்பொருளின் வாரிசு. அதனால் '0' என்ற டிரைவ் எண்ணைச் சொல்லாமல் விட்டால், இல்லாத இரண்டாவது டிரைவுக்கும் சேர்த்து ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நான் '0' போடவில்லை. போதாததற்கு மொய்க் கணக்கும் அதே நேரத்தில் திறந்திருந்தது. இலை நாலு, பந்திக்கு ஆறு பேர்.

பின்னால் வந்த சில டிரைவ்களின் ரோமில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். என்னுடையது அதற்கு முந்தையது.

பழைய எழுத்தைத் தேடிப் பார்த்தேன். @ முறையில் பழைய பிளாக்குகள் அழிவதில்லை, காலி என்று குறிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு பிளாக்காக நேரடியாகப் படிக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதி 683 பிளாக்கையும் புரட்டினேன். நாட்குறிப்பின் 24 பிளாக்கில் ஒன்பது கிடைத்தது. மிச்சத்தின் மேல் நானே வேறு எதையோ எழுதியிருந்தேன். கோப்பு போனது தெரிந்த அந்த நிமிஷமே ஃபிளாப்பியை வெளியே எடுத்து, ஓரத்து வெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, எழுத முடியாமல் பூட்டியிருக்க வேண்டும். பதற்றத்தில் நாலு முறை திரும்பத் திரும்ப சேவ் கொடுத்தேன்.

இரண்டாவது இழப்பு: யாரையும் கேட்காமல்

சரி, @ வேண்டாம். புதுசை வேறு பெயரில் எழுது, பழசை அழி, புதுசுக்குப் பழைய பெயரை வை. இதில் என்ன தப்பு வரும்?

வந்தது. அன்று கைக்குக் கிடைத்த ஃபிளாப்பி, பாதிக்கு மேல் ஜெர்மன் விளையாட்டுகள் நிரம்பினது. எழுதும்போது பாதியில் இடம் தீர்ந்துவிட்டது. பேசிக் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுபாட்டுக்கு வரி வரியாக அனுப்பி முடித்து 'ரெடி' என்றது. டிரைவில் விளக்கு மட்டும் மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தது திரையை. நிரல் அடுத்த படிக்குப் போய் நல்ல கோப்பை அழித்து, வால் அறுந்த கோப்புக்கு அதன் பெயரைச் சூட்டியது.

இந்த டிரைவ் தானாக வந்து எதையும் சொல்லாது. நாமாகப் போய்க் கேட்க வேண்டும். கட்டளையும் பதிலும் போய்வரும் 15-ஆம் சேனலைத் திறந்து நாலு மதிப்புகளைப் படித்தால் எண், செய்தி, டிராக் (டிஸ்கில் எந்த வட்டம்), செக்டர் (அந்த வட்டத்தில் எந்தத் துண்டு, ஒரு துண்டு ஒரு பிளாக்) கிடைக்கும். '00, ஓகே' என்றால் சரி. இடம் தீர்ந்தால் 72. அழித்த பிறகு கேட்டால் 01 வரும், அது பிழை இல்லை, எத்தனை கோப்பு அழிந்தது என்று சொல்லும் செய்தி. முதல் நாள் அதையும் பிழை என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போனது. டிரைவைப் போட்டதும் வரும் 73-உம் அப்படித்தான், தன் பெயரைச் சொல்கிறது.

இன்னொன்று. 15-ஆம் சேனலை மூடினால் டிரைவில் திறந்திருக்கும் மற்றக் கோப்புகளையும் அது மூடிவிடும். என் நிரல் முதலில் ஒவ்வொரு கேள்விக்கும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு நடுவிலேயே மூடப்பட்டது. நிரல் தொடங்கும்போது ஒருமுறை திற, முடியும்போது கடைசியாக மூடு. இதுதான் முறை.

இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டேன் என்றே சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டரில், செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய் வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து மென்பொருளைப் படித்தவன் நான். அது எழுதுவது முதலில் $$$ என்று முடியும் ஒரு தற்காலிகக் கோப்பில். முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பழைய கோப்பு 'பேக்' என்ற வால் ஒட்டிக்கொண்டு ஒதுங்கும், புதுசு அதன் பெயரை எடுத்துக்கொள்ளும். டைரக்டரியில் அந்த 'பேக்' கோப்புகளைப் பார்த்து, இடத்தை அடைக்கிறது என்று அழித்துக்கொண்டே இருப்போம். எதற்காக அவை இருக்கின்றன என்று நாங்களும் கேட்கவில்லை, சார் சொன்னதும் இல்லை. முப்பது வருஷம் கழித்து அதே பதிலை நானாக வந்து முட்டிக் கண்டுபிடிக்கிறேன்.

ஆக வரிசை இப்படி அமைந்தது. கோப்பின் பெயர் 'குறிப்பு'. புது எழுத்தை 'புதுசு' என்ற பெயரில் எழுது. சேனல் 15-ஐக் கேள். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார். முந்தைய 'பழசு' இருந்தால் அழி. 'குறிப்பு'வை 'பழசு' ஆக்கு. 'புதுசு'வை 'குறிப்பு' ஆக்கு. ஒவ்வொரு படிக்கும் பிறகு மறுபடி கேள். 00 அல்லது 01 தவிர வேறு எது வந்தாலும் அங்கேயே நில்.

திரும்பப் படிப்பது

எழுதிய ஒவ்வொரு செக்டரையும் 1541 தானே ஒருமுறை சரிபார்க்கிறது. ஆனால் நான் அனுப்பாத எழுத்தைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அதனால் நானும் படிக்க வேண்டும். டிரைவில் இருப்பது ஐந்து தட்டு, கோப்பு 24 பிளாக். எனவே திரும்பப் படிக்கும்போது வருவது டிஸ்கிலிருந்துதான் என்று நம்பலாம்.

முதலில் பேசிக்கின் வரி படிக்கும் கட்டளையால் படித்தேன். பத்து வரிக்கு நாலு வரி பொருந்தவில்லை. சேவ் செய்வதில்தான் கோளாறு என்று நினைத்து, இரண்டு ஃபிளாப்பி மாற்றி, ஹெட்டை மறுபடி துடைத்து, அரை நாள் ஓடிப்போனது. கோளாறு படிப்பதில். அந்தக் கட்டளை கமாவைப் பார்த்ததும் நின்றுவிடும், பின்னால் இருப்பதைச் சத்தமில்லாமல் தூக்கிப்போடும். 'காலையில் மழை, மத்தியானம் வெயில்' என்பதில் அதற்குக் கிடைத்தது மழை மட்டும். வரி 88 எழுத்தைத் தாண்டினால் அது இன்னொரு சண்டை.

ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கும் கட்டளைக்கு மாறினேன். சரியாக வந்தது, ஆனால் 6000 பைட்டுக்கு இரண்டு நிமிஷம். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரண்டு நிமிஷம் காத்திருக்க மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் சரிபார்ப்பைத் தாண்டிப் போகும் வழியை நானே எழுதியிருப்பேன். அதனால் அந்தப் பகுதியை மட்டும் மெஷின் மொழியில் எழுதி நினைவகத்தில் 49152-ஆம் முகவரியில் வைத்தேன். சேனலைத் தேர்ந்தெடுக்க 65478, ஒரு பைட் வாங்க 65487, முடிந்ததா என்று பார்க்க 65463, கடைசியில் சேனலை விடுவிக்க 65484. கமடோரின் உள்மென்பொருளில் இந்த நாலு வாசல் போதும். வரும் பைட்டுகளைக் கூட்டி ஒரு தொகை. எழுதும்போதும் அதே தொகை. இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த படி. இப்போது இருபது விநாடிக்குள் முடிகிறது. வெறும் கூட்டுத்தொகை இரண்டு எழுத்து இடம் மாறியதைக் கண்டுபிடிக்காது என்பது தெரியும். என் கவலை இடம் மாறுவது இல்லை, காணாமல் போவது.

கரண்ட் கட்

எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் கரண்ட் போகும். சேவ் ஆகும் நேரத்தில்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் சுவிட்சை அணைத்து அணைத்துப் பார்த்தேன். எழுதும்போது அணைப்பது சுலபம், அது 25 விநாடி நடக்கிறது. பெயர் மாற்றுவது ஒரு விநாடிச் சமாச்சாரம், என் விரல் அந்த வேகத்துக்கு வராது.

அதற்குத்தான் ரிலே. கமடோரின் பின்பக்கம் யூசர் போர்ட் இருக்கிறது, 24 தொடுமுனை, 3.96 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த அளவுக் கனெக்டர் கடையில் இல்லை. 44 தொடுமுனை உள்ளது 120 ரூபாய்க்குக் கிடைத்தது. ஹேக்சா பிளேடால் அறுத்து 24 ஆக்கினேன், அறுத்த ஓரத்தில் அரம் போட்டுச் சமன் செய்தேன். ரிலே மாட்யூல் 90 ரூபாய். போர்ட்டின் 5 வோல்ட்டிலிருந்து 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது. ரிலே காயில் 70 எடுத்தது, தப்பித்தது. டிரைவின் மெயின் கரண்ட் இந்த ரிலே வழியாகப் போகிறது. 230 வோல்ட் இருக்கும் பக்கத்தை முழுக்க பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, ஒயரை கிளாம்ப் செய்த பிறகுதான் பிளக்கைச் செருகினேன். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

இங்கே டிரைவ் தனிக் கம்ப்யூட்டராக இருப்பது எனக்குச் சாதகமாக வந்தது. பெயர் மாற்றும் கட்டளையை அனுப்பிவிட்டால் கமடோர் காத்திருக்க வேண்டியதில்லை. டிரைவ் தன் வேலையைப் பார்க்கும், கமடோர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். விநாடிக்கு 60 துடிப்பு ஓடும் கடிகாரம். மூன்று துடிப்பு என்றால் 50 மில்லி விநாடி. கட்டளை போன 50 மில்லி விநாடியில் ஒரு வெட்டு, 100-இல் ஒரு வெட்டு, இப்படியே ஒரு விநாடி வரை இருபது இடத்தில், ஒவ்வொன்றும் மூன்று முறை. மொத்தம் அறுபது. எந்தப் படியில் இருக்கிறோம் என்று தெரிய 53280-ஆம் முகவரியில் எண்ணைப் போட்டுத் திரையின் ஓர நிறத்தை மாற்றினேன். எழுதும்போது வெள்ளை, சரிபார்க்கும்போது மஞ்சள், பெயர் மாறும்போது சிவப்பு.

மூன்றாவது ராத்திரி, "என்னங்க, அந்த டக் டக் சத்தத்தை நிறுத்தப் போறீங்களா, இல்ல நான் மெயினையே ஆஃப் பண்ணட்டுமா?" என்று உள்ளேயிருந்து குரல். அதுவும் ஒரு சோதனைதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

எழுதும் படியில் வெட்டியபோது கற்றது முக்கியமானது. எழுதத் திறந்தவுடனே டைரக்டரியில் பெயர் விழுந்துவிடும், மூடும் வரை அதன் வகைக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். நடுவில் கரண்ட் போனால் நட்சத்திரம் அப்படியே நிற்கும். நான் அதை மற்றக் கோப்பைப் போல அழித்தேன். இரண்டு நாள் கழித்து அதே ஃபிளாப்பியில் இருந்த எடிட்டர் நிரலே உடைந்துபோனது. மூன்றாவது இழப்பு. காரணம் அந்த இரண்டு பைட். கடைசியாக எழுதிய பிளாக், அடுத்த பிளாக்கின் முகவரியைச் சொல்கிறது. அந்த அடுத்த பிளாக்கில் இன்னும் எதுவும் எழுதவில்லை, அங்கே எப்போதோ இருந்த பழைய கோப்பின் முகவரி கிடக்கிறது. அழிக்கும் கட்டளை அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய், வேறு ஒருவருடைய பிளாக்குகளைக் காலி என்று குறித்துவிட்டது. நட்சத்திரக் கோப்பை ஒருபோதும் அழிக்கக்கூடாது. 'வேலிடேட்' கட்டளை கொடுக்க வேண்டும். அது நல்ல கோப்புகளை எல்லாம் நடந்து பார்த்து வரைபடத்தைப் புதிதாகப் போடும், நட்சத்திரத்தைத் தானே நீக்கும். அதற்கு முன்னால் அரைகுறையில் இருப்பதைப் படிக்க வேண்டுமா? படிப்பதற்கான 'ஆர்' எழுத்துக்குப் பதில் 'எம்' போட்டுத் திறந்தால் மூடாத கோப்பையும் டிரைவ் படிக்கவிடும். வந்தவரை லாபம், கடைசியில் குப்பையும் வரும்.

இப்போது எடிட்டர் தொடங்கும்போதே டைரக்டரியைப் பார்க்கிறது. 'குறிப்பு' இல்லை, 'புதுசு' நட்சத்திரம் இல்லாமல் இருக்கிறது என்றால் விட்ட இடத்திலிருந்து பெயரை மாற்றி முடிக்கிறது. 'புதுசு' நட்சத்திரத்தோடு இருந்தால் வேலிடேட். இரண்டும் இல்லாமல் 'பழசு' மட்டும் இருந்தால் என்னைக் கேட்கிறது.

அறுபதில் இரண்டு

முதல் சுற்று அறுபது வெட்டில் 58 தானாக எழுந்து நின்றது. இரண்டில் டைரக்டரியே படிக்கவில்லை.

டைரக்டரி இருப்பது 18-ஆம் டிராக்கில். ஒரு டைரக்டரி செக்டரில் எட்டுப் பெயர் அடங்கும். ஒரே ஒரு பெயரை மாற்றினாலும் அந்த 256 பைட்டையும் அதே இடத்தில் திரும்ப எழுதுகிறது. ஒரு சுற்று 200 மில்லி விநாடி, 18-ஆம் டிராக்கில் 19 செக்டர், ஆக ஒரு செக்டர் ஹெட்டுக்கு அடியில் இருப்பது சுமார் பத்து மில்லி விநாடி. அந்தப் பத்துக்குள் கரண்ட் போனால் எட்டுப் பெயரும் போகும். என் 'குறிப்பு', 'புதுசு', 'பழசு' மூன்றும் குடியிருந்தது அதே எட்டில். மூன்று பிரதி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மூன்று சாவியும் ஒரே வளையத்தில் தொங்கியிருக்கிறது.

சரி, மூன்றையும் மூன்று செக்டரில் பிரித்து வைக்கலாமே? பெயர் மாற்றினாலும் இடம் மாறாது. அதனால் நடுவில் ஏழேழு பொய்க் கோப்புகளை நிரப்பினால் மூன்றும் தள்ளித் தள்ளி உட்காரும். ஒரு ஞாயிறு முழுக்க இதைச் செய்தேன், பெருமையாகவும் இருந்தது. பிறகு வெட்டிப் பார்த்தால் நடு செக்டர் கெட்டபோது அதற்குப் பின்னால் இருந்ததும் காணோம். டைரக்டரியும் அதே இரண்டு பைட் முகவரியில் கோத்த மாலைதான். நடுவில் நூல் அறுந்தால் அந்தப் பக்கத்துப் பூவெல்லாம் கீழே. பொய்க் கோப்புகளை எல்லாம் அழித்தேன்.

கடைசியில் தோற்றுப்போய் ஒத்துக்கொண்டது இது: ஒரே ஃபிளாப்பிக்குள் முழுப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவது ஃபிளாப்பி வேண்டும். ஒற்றைப்படைத் தேதிக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. அன்று எழுதுவது ஒன்றில் மட்டும், மற்றது பெட்டியிலேயே இருக்கும். கரண்ட் எதைக் கெடுத்தாலும் ஒரு நாள் எழுத்துதான் போகும்.

இதிலும் ஒரு குழி. ஃபார்மேட் செய்யும்போது ஒவ்வொரு டிஸ்குக்கும் இரண்டெழுத்து அடையாளம் கொடுப்போம். சோம்பலில் இரண்டுக்கும் ஒரே எழுத்து கொடுத்திருந்தேன். டிரைவ் அந்த அடையாளத்தை வைத்துத்தான் டிஸ்க் மாறியதைக் கண்டுபிடிக்கிறது. ஒரே எழுத்தாக இருந்தால், முதல் டிஸ்கின் காலி வரைபடத்தை நினைவில் வைத்துக்கொண்டே இரண்டாவதில் எழுதிவிடலாம். நல்லவேளை சோதனையிலேயே பிடித்துக்கொண்டேன். இரண்டையும் வேறு வேறு எழுத்தில் மறுபடி ஃபார்மேட் செய்தேன், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் டிரைவைப் புதிதாகத் தொடங்கச் சொல்லும் கட்டளையையும் எடிட்டரே அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் நேற்றைய அறுபது. ஒருமுறை டைரக்டரி கெட்டது. அப்போதும் மற்ற ஃபிளாப்பியில் முந்தைய நாள் வரை முழுசாக இருந்தது.

மெஷின் விலை நீங்கலாகச் செலவு 1,250 ரூபாய். எஸ்எம்பிஎஸ், டிரான்ஸ்ஃபார்மர், பிளக், கனெக்டர், ரிலே, 150 ரூபாய் ஆல்கஹால். ஃபியூஸும் கிரீஸும் வீட்டில் இருந்தவை. மறுபடி செய்வதானால் ரிலேயை முதல் வாரமே செய்திருப்பேன், எடிட்டரை அதற்குப் பிறகு எழுதியிருப்பேன். வரிகளைப் பேசிக்கின் எழுத்துச் சரங்களாக வைத்ததும் தப்பு. நினைவகத்தில் சேர்ந்த குப்பையை பேசிக் கூட்டித் தள்ள ஆரம்பித்தால் திரை அப்படியே உறைந்துபோகிறது, போய்விட்டதோ என்று ஒவ்வொரு முறையும் வயிறு கலங்குகிறது. அடுத்தது அந்த வேலை.

இதை எழுதி முடிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. நேற்று தேதி 31, இன்று 1. இரண்டுமே ஒற்றைப்படை. காலையில் நேற்றைய ஃபிளாப்பியையே செருகப் போனேன். நிரலில் தேதிக் கணக்கைத் திருத்தலாமா என்று யோசித்துவிட்டு, அந்த வரியையே எடுத்துவிட்டேன். டப்பாவில் இரண்டு ஃபிளாப்பி நிற்கிறது. பின்னால் இருப்பதை எடுக்கிறேன், எழுதி முடித்ததும் முன்னால் வைக்கிறேன்.